சதாசிவம் ஓஃப்பில் இருக்கிறார்

“மழை புடிச்சிருச்சு. ஒனக்கு இன்னிக்கு ஓஃப்.”

“உங்களுக்கு?”

“எனக்கு எங்க ஓஃப்? கிலாங்குக்குள்ள மழை பெய்யுமா?”

“பால்மரம் நனைஞ்சா வேலையில்ல. பஸ்ஸு நனைஞ்சா மட்டும் வேலை இருக்கா?”

“பஸ்ஸு நனைஞ்சா கழுவுற வேலை மிச்சம்லா.”

ராக்காயி சிரித்தாள். கல்யாணமான புதிது. அவர் என்ன சொன்னாலும் சிரிப்பு வந்த காலம்.

“ஓஃப்னா என்னான்னு தெரியுமா ஒனக்கு?” சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டே கேட்டார் சதாசிவம்.

“வேலை இல்லேன்னு அர்த்தம்.”

“அதான் தப்பு. வேலையே இல்லாதவனுக்கு ஏது ஓஃப்? ஓஃப்னா, நீ வேலைக்குப் போகலேன்னாலும் செக்ரோல்ல, அந்த ஆளு கணக்குப் புத்தகத்துல, ஒம் பேரு இருக்கும். பேரு இருந்தா இந்த லைன் வீடு இருக்கும். பேரை வெட்டிட்டாங்கன்னா அது ஓஃப் இல்ல. லோரி வந்துரும்.”

“லோரி எதுக்கு?”

“சாமானை ஏத்துறதுக்கு.”

“அப்ப அதுக்கு என்னா பேரு? பேரை வெட்டுறதுக்கு?”

“கணக்கெழுதுற கிராணி இங்கிலீசுல என்னமோ சொல்வாரு. அது நம்ம வாயில வர வேணாம்.”

ராக்காயி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். “என்னங்க…”

“என்ன?”

“ஒண்ணுமில்ல. பசியாறிட்டுப் போங்க.”

அவள் கேட்க வந்தது வேறு. உங்க பஸ்ஸுல என்னைய ஒரு தடவை ஏத்திக்கிட்டுப் போங்க என்று கேட்க வந்தாள். கோப்பெங்கை அடுத்த அந்த ரப்பர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த சதாசிவம், ஈப்போவில் ஒரு கிலாங்குக்கு, அதாவது தொழிற்சாலைக்கு, ஆள் ஏற்றும் பஸ்ஸுக்கு அப்போதுதான் மாறியிருந்தார். ராக்காயியின் பேர் தோட்டத்துச் செக்ரோலில் இருந்ததால் வீடு தப்பியது. முதல் நாள் இரவுதான், சோற்றைப் பிசைந்தபடி, பெருமை பொங்க அவர் சொல்லியிருந்தார். “கிலாங் பாஸ் கழுத்துல தொங்கணும். பாஸ் இல்லாதவன் காலு படியில பட்டுச்சுன்னா, அன்னியோட என் வேலை போச்சு. பஸ் மொதலாளி தவுக்கே சொல்லிட்டாரு.” அப்படிச் சொன்ன மனிதரிடம் மறுநாள் காலையில் எப்படிக் கேட்பது? கேட்டால் அவரால் முடியாது என்றும் சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது. பாவம். ராக்காயி அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு இட்டிலித் தட்டை நீட்டினாள்.

விழுங்கியது செரிக்கவே இல்லை.

தோட்டம் கைமாறியது. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்க் கல்வீடுகள் வந்தன. இவர்கள் சிம்பாங் பூலாய்க்கு வந்து, சுண்ணாம்பு மலைக்குக் கீழே ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன வீடு ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். கல்லுடைக்கும் தூசி காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் கோலம் போடும் இடம். ராக்காயி கிரைண்டர் வாங்கி, தாமான் முழுக்கத் தோசை மாவு கொடுத்தாள். சதாசிவம் அதே தவுக்கேயிடம் பஸ் ஓட்டினார். பஸ்கள் மாறின. கடைசியாக வந்த நீல பஸ் மட்டும் அவரோடு சேர்ந்து கிழமானது.

அந்த பஸ் தினமும் தாமான் சந்தியைத் தாண்டிப் போகும். தாண்டும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். ராக்காயிக்கான ஹாரன் அது. மாவு வாளியோடு சந்தியில் நின்றால் கையை உயர்த்துவாள். மகள் ஷர்மினி கைக்குழந்தையாக இருந்தபோது, கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடை ஒருபக்கம், குழந்தை ஒருபக்கம். அப்போது வேறொரு பஸ். மத்தியான ஷிப்டை ஏற்றக் காலியாக வந்தது. முன்கண்ணாடியில் ‘ஓஃப்’ என்று அவரே சிவப்புச் சாயத்தில் எழுதிய பலகை. பஸ் மாறினாலும், ஆள் ஏற்றாமல் ஓடும்போது அதைத்தான் வைப்பார். இரண்டு தடவை ஹாரன் அடித்தார். போய்விட்டார். 

“ரொம்ப நனைஞ்சிட்டியா?” என்று சாயங்காலம் கேட்டார்.

“மழையில கொஞ்சம். உங்க பஸ்ஸு தெளிச்ச தண்ணியிலதான் ஜாஸ்தி.”

“ரூலு புள்ள. யாரும் பாக்கலேன்னாலும் ரூலு ரூலுதான்லா.”

பஸ்ஸில் ஏறாமலேயே அந்த பஸ்ஸில் யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று ராக்காயிக்குத் தெரியும். கடைசி வரிசையில் சிரிப்புக் கூட்டம். நடுவில் தூங்குபவர்கள். முதல் சீட்டில், டிரைவர் நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடியில் முகம் தெரியும் இடத்தில், கலாதேவி. “இன்னிக்குக் கலாதேவி மாமியாகூட சண்டை போட்டுட்டு வந்துச்சு.” “கலாதேவி மகன் பரீட்சையில பாஸாம்.” சதாசிவம் சோறு சாப்பிட்டபடி செய்தி வாசிப்பார். கலாதேவி நல்ல பெண்தான், ராக்காயிக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை. அந்த சீட்டின்மேல்தான் இருந்தது.

இப்போது அறுபது வயதாகிவிட்டது. சதாசிவத்துக்கு மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அவர் கடிகாரத்தைக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மறுநாள் விடியுமுன் எழுந்து, குளித்து, நீலச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, சந்தியிலிருந்த ஒட்டுக்கடைக்குப் போனார்.

அய்யாவு அங்கே ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீடு. ஆஸ்பத்திரி அட்டெண்டனாக இருந்து பென்சன் வாங்குபவர். அதைச் சொல்லாமல் எந்தப் பேச்சையும் முடிக்கமாட்டார்.

“என்னா சதா, இன்னிக்கு வேலைக்குப் போகலையா?”

“ஓஃப்.”

மறுநாள். “இன்னிக்குமா?”

“ஓஃப்.”

அதற்கடுத்த வாரம் அய்யாவு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். “மச்சான், உங்க கம்பெனியில எனக்கும் ஒரு வேலை வாங்கிக் குடு.”

“ஒனக்கு எதுக்கு வேலை? பென்சன்தான் வருதே.”

“வாரம் பூரா ஓஃப் குடுக்குற கம்பெனியை நான் பாத்ததே இல்லலா.”

“சீனியருக்குக் குடுப்பாங்க.”

“சீனியருக்குக் குடுக்குறதுக்குப் பேரு ஓஃப் இல்ல மச்சான். அதுக்குப் பேரு ரிட்டையர்.”

சதாசிவம் பாதி குடித்த தே தாரேக்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

“அண்ணே, ரொட்டி போட்டாச்சு!” என்றான் கடைக்காரன்.

“தப்பாவ் பண்ணு,” என்று சொல்லிவிட்டு, பொட்டலம் கட்டும்வரை நிற்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். அய்யாவுதான் கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். பாதி ரொட்டி குறைந்திருந்தது.

ஷர்மினி ஈப்போவில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை செய்தாள். அந்தச் சனிக்கிழமை பெரிய கேக் பெட்டியோடு வந்து இறங்கினாள். மேலே ரோஜாநிறக் கிரீமில் ஆங்கில எழுத்து: ஹேப்பி ரிட்டையர்மென்ட். சதாசிவம் மூக்குக்கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு கழற்றினார்.

“எழுத்து இல்லாத பக்கமா வெட்டும்மா.”

“அப்பா, கேக் முழுக்க எழுத்துதான்ப்பா!”

“அப்ப எனக்கு இனிப்பு வேணாம். சுகர்.”

“உங்களுக்கு ஏதுப்பா சுகர்?”

“வரலாம்லா.”

ராக்காயி தோசைக் கரண்டியை எடுத்து வந்தாள். கேக்கின்மேல் ஒரே இழுப்பு. எழுத்தெல்லாம் கரண்டிக்கு வந்துவிட்டது. அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

“ம்மா! அந்த வார்த்தைய முழுங்கிட்டியா?”

“எனக்கு முழுங்கிப் பழக்கம்தான்,” என்றாள் ராக்காயி. “வெட்டு, அப்பாவுக்குக் குடு.”

சதாசிவம் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

ஆனால் ராக்காயி கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். கொல்லையில் தொட்டியில் நின்ற கறிவேப்பிலையை மண்ணில் வைக்கப் போனால், “தொட்டியிலயே இருக்கட்டும், தூக்குறதுக்கு லேசு” என்றார். புதுத் திரைச்சீலை தைக்கத் துணி எடுத்தால், “இப்ப எதுக்கு?” என்றார். பழைய நைலான் கயிறுகளைத் தேடி எடுத்து வட்டமாகச் சுருட்டி வைத்தார். எங்கே போகப் போகிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

புரிந்தது செவ்வாய்க்கிழமை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. ராக்காயி பின்கட்டில் கிரைண்டரை ஓடவிட்டிருந்தாள். வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. இரண்டு மலாய்ப் பையன்கள் இறங்கி, சலாம் சொல்லி, உள்ளே வந்து, சோபாவின் இரண்டு முனைகளையும் பிடித்துத் தூக்கினார்கள்.

சதாசிவம் குளியலறையிலிருந்து துண்டோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். லோரி. சாமான். வாசல்.

“ஏய்! எங்க எடுத்துக்கிட்டுப் போறீங்க?” என்று தமிழிலேயே கத்தினார்.

பையன்கள் மரியாதையாக மலாயில் பதில் சொன்னார்கள். பழையது போகிறது அங்கிள், கடையில் அப்படித்தான் சொன்னார்கள். சோபா அதற்குள் சாலைக்கு வந்துவிட்டது. சதாசிவம் பின்னாலேயே ஓடினார். லோரியில் ஏற்றுவதற்காக ஒரு கணம் அதைக் கீழே வைத்தார்கள். அந்த ஒரு கணத்தில் அவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“எம் பேரை வெட்டல! நான் ஓஃப்லதான் இருக்கேன்! ஓஃப்லதான் இருக்கேன்!”

நடுச்சாலை. தூறல். துண்டு கட்டிய மனிதர். பையன்களில் ஒருவன் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான், இன்னொருவன் குடை எடுத்துவந்து அவருக்குப் பிடித்தான். அய்யாவு வாயிற்கதவருகில் வந்து, “ராக்காயி! ஓம் புருசனை ஏலம் போடுறாங்க, வா!” என்று குரல் கொடுத்தார்.

ராக்காயி மாவுக் கையோடு ஓடி வந்தாள். மகளைப் போனில் கூப்பிட்டு அவர் காதில் வைத்தாள். ஷர்மினி கத்தினாள். “நாற்காலிப்பா! சாஞ்சு உக்கார நாற்காலி வாங்கியிருக்கேன்! புதுசைக் கொடுத்துட்டுப் பழசை எடுத்துக்குவாங்க! அம்மாகிட்ட சொல்ல மறந்துட்டேன்!” லோரிக்குள் பிளாஸ்டிக் உறையில் அந்த நாற்காலி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

ராக்காயி எல்லாரையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடைக்காரப் பையன் இருவருக்கும் சேர்த்துப் பிடித்தான்.

“எங்கப்பன் சன்னாசி இப்படித்தான் உக்காந்திருந்தாரு,” என்றார் சதாசிவம், சாலையைப் பார்த்தபடி. “டிரங்குப் பெட்டி மேல. கிராணி வந்து பேரை வெட்டியாச்சுன்னாரு. வயசாயிருச்சுன்னு. லோரி வெளிய நிக்குது. அவரு எறங்கவே இல்ல. பெட்டியோட சேத்துத்தான் தூக்கி வச்சாங்க.”

“இது தோட்டத்து வீடு இல்லீங்க. வீட்டுப் பத்திரம், அந்த கிரான், நம்ம பேர்லதான் இருக்கு.”

“தெரியும்லா.”

“பின்ன?”

“எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியல. லோரியப் பாத்ததும் ஓடிருச்சு.”

ராக்காயி சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டாள். பிறகு அவரே சிரித்தார். பையன்களும் சிரித்தார்கள். எல்லாருக்கும் பாலில்லாத தே ஓவும் மிச்சமிருந்த கேக்கும் கொடுத்து அனுப்பினாள். சோபா திரும்ப வீட்டுக்குள் போனது. நாற்காலியும் உள்ளே வந்தது. இப்போது நடக்க வழியில்லை.

அன்று சாயங்காலம் பஸ் முதலாளி சோங் தவுக்கே போன் செய்தார். அவருடைய அப்பா தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தவர். அதனால் தவுக்கேக்குத் தமிழ் வரும், ஒரு மாதிரி. ‘நீ’ என்பதற்கு மட்டும் ‘லூ’ என்பார். போனில் அவர் பேசினால் அடுத்த அறையிலும் கேட்கும்.

“சதா! நீல பஸ் வித்தாச்சு. லூமுட்ல ஆள் வாங்கிட்டான். லூ கொண்டுபோய்க் குடு. வரும்போது லைன் பஸ்ல வா.”

“புது டிரைவர் இருக்காருல தவுக்கே.”

“அவன் ஓட்டத் தெரியலா! ரெண்டாம் கியர் போட்டா பஸ் அழுவுது. லூ போட்டா மட்டும் சும்மா இருக்குது.”

சதாசிவத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் ஓஃப்ல இருக்கேன் தவுக்கே. ஓஃப்ல இருக்கிற ஆள வேலைக்குக் கூப்பிடக் கூடாது. ரூலு.”

“என்ன ஓஃப்? லூ ரிட்டையர் ஆச்சு! கேக் நான்தானே வாங்கினான்!”

“ரிட்டையரான ஆளு கம்பெனி பஸ்ஸைத் தொடலாமா? அதுக்கும் ரூலு இருக்குல்ல?”

தவுக்கே குரலை இன்னும் உயர்த்தினார். “ஐயா சாமி! வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் பாப்பான். லூ வரலைன்னா இழுக்கிற லோரி வரும். கொக்கி போட்டு லூமுட் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போவான். பஸ் மானம் போகும். சரியா?”

அடுப்படியில் ராக்காயியின் கை மாவுக்குள் நின்றுவிட்டது. அந்த பஸ் போகப் போகிறது. கொக்கியில் மாட்டிப் போனால், போனதுதான். அதில் ஏற வேண்டும் என்று கேட்க இந்த வாரத்துக்குப் பிறகு பஸ்ஸும் இருக்காது. கேட்கலாமென்றால், இவர் ஓஃப் என்று சாய்வு நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருக்கிறார். முதலில் ரிட்டையர் என்ற அந்த வார்த்தையின் பயத்தை எடுக்க வேண்டும். அதற்கு யாரிடம் போவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை, “வாளி கனமா இருக்கு, கூட வாங்க” என்று கூப்பிட்டாள்.

தாமானின் மூலைவீடு இராஜசிங்கம் சாருடையது. யாழ்ப்பாணத்துக் குடும்பம். தலைமையாசிரியராக இருந்தவர். கேட்டில் பித்தளைத் தகடு, அதில் பெரிய எழுத்தில் அவர் பெயர், கீழே சின்ன எழுத்தில் ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டர். கார் நிறுத்துமிடத்தில் பிரம்பு நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“வாருங்கோ, வாருங்கோ. சதாசிவம், இண்டைக்கு வேலை இல்லையோ?”

சதாசிவம் வாயைத் திறப்பதற்குள் ராக்காயி முந்திக்கொண்டாள். “இவரு ரிட்டையர் ஆயிட்டாருங்க சார். ஆனா அந்த வார்த்தை இவருக்குப் புடிக்கல. அதுக்கு என்னா அர்த்தம்னு சார்கிட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்.”

சாரின் முகம் மலர்ந்தது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டு அவர் வீட்டுக்கு ஆள் வந்து பல காலமாகிவிட்டது. பேப்பரை மடித்து வைத்தார்.

“இருங்கோ. நீங்கள் என்ன அர்த்தம் எண்டு நினைச்சிருக்கிறியள்?”

“பேரை வெட்டுறது சார்,” என்றார் சதாசிவம் மெதுவாக.

“சீச்சீ. அது வேற. ஆளை வேண்டாம் எண்டு அனுப்பினால்தான் அப்பிடி. இது, தன்ர வேலையை முடிச்சுப்போட்டு மரியாதையோட விலகிறது. அங்க பாருங்கோ, கேட்டில என்ன போட்டிருக்கு? பேர் மேல. ரிட்டையர்ட் கீழ. என்ர பேரை ஆர் வெட்டினது? முந்தியைவிடப் பெரிசாத்தான் எழுதியிருக்கு.”

சதாசிவம் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். பித்தளை வெயிலில் மின்னியது.

“வீடு சார்? வீட்டை விடணுமா?”

“ஓம், விட்டனாங்கள்தான். பள்ளிக்கூடக் குவாட்டர்ஸ் அது. லொறி பிடிச்சு…”

“பாத்தியா!” சதாசிவம் ராக்காயி பக்கம் திரும்பினார். “லோரி! சொன்னேன்ல!”

வீட்டுக்குள்ளிருந்து சாரின் மனைவி புஷ்பராணியம்மா பாத்திரத்தோடு வெளியே வந்தார். “அது அரசாங்கத்து வீடு. இது எங்கட வீடு. இனி என்னைக் கேளாமல் இந்த வாசலுக்கு ஒரு லொறியும் வராது. ராக்காயி, மாவு புளிச்சிட்டுதோ?”

“நல்லாப் புளிச்சிருக்குங்கம்மா.”

சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். பாடம் முடியவில்லை. “இன்னும் ஒண்டு. வேலை செய்யேக்க ஒரு நாள் நிக்கிறதுக்கும் மேலிடத்தில கேக்கோணும். அதுதான் ஓஃப். ரிட்டையர்ட் எண்டால், எங்க போறது, எப்ப போறது, ஆரோட போறது, ஒண்டுக்கும் ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை.”

“என்னைக் கேக்கோணும்,” என்றார் புஷ்பராணியம்மா.

“அவவைக் கேக்கோணும்,” என்று திருத்திக்கொண்டார் சார்.

புஷ்பராணியம்மா மாவை ஊற்றிக்கொண்டே ராக்காயியிடம் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். “இந்த ஆம்பிளையளுக்குத் தானா ஒண்டும் விளங்காது. பங்கோர்த் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு நான் மனசுக்குள்ளயே கனகாலம் வச்சிருந்தன். ஒருநாள் வாயைத் திறந்து கேட்டன். இவர் என்ன சொன்னவர் தெரியுமே? ‘ஏன் முந்தியே சொல்லேல்லை?’ எண்டு என்னையே ஏசினவர்.”

“ஏசேல்லை. கேட்டனான்,” என்றார் சார்.

ராக்காயி காலி வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

காலி வாளியோடு திரும்பினார்கள். பாதி வழியில் சதாசிவம், “என்னா வாயத் தொறக்காம வார?” என்றார்.

“தொறப்பேன். இப்ப இல்ல.”

அன்று சாயங்காலம் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். ராக்காயி சன்னல் வழியே பார்த்தாள். குழி வெட்டி, தொட்டியைத் தட்டி உடைத்து, கறிவேப்பிலையை மண்ணில் வைத்தார். சுற்றிலும் மிதித்தார். வேண்டிய அளவுக்கு மேலேயே மிதித்தார். பிறகு சுருட்டி வைத்திருந்த நைலான் கயிற்றை எடுத்து கொல்லையில் நின்ற இரண்டு மரங்களுக்கு நடுவே துணி காயப்போடக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை தாமானே எழுந்து வெளியே வந்தது. ஏதோ ஒரு மிருகத்தைச் சித்திரவதை செய்வது போல ஒரு சத்தம் சந்தியிலிருந்து நெருங்கி வந்தது. நீல பஸ். தவுக்கே தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். இரண்டாம் கியரில் ஒரு அலறல், ஒரு குலுக்கல், சதாசிவம் வீட்டு வாசலில் பாதி, அய்யாவு வீட்டு வாசலில் மீதி என்று நின்றது.

தவுக்கே வியர்வையோடு இறங்கி, சாவியை கேட்டில் மாட்டினார். “லூ சாவி. லூ இஷ்டம். மத்தியானம் இழுக்கிற லோரி வரும்.”

“தவுக்கே, என் மோட்டோ சைக்கிளு உள்ள மாட்டிக்கிச்சு!” என்றார் அய்யாவு.

“அப்படின்னா நடந்து வா. ரெண்டு பேரும் தே குடிக்கலாம். லூ காசு, பென்சன் வருதுல்ல?”

இருவரும் சந்தியை நோக்கிப் போனார்கள்.

சதாசிவம் கேட்டுக்குள் நின்று பஸ்ஸைப் பார்த்தார். தொடக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் வலது கண்ணாடி கோணலாக இருந்தது. அதை மட்டும் சரிசெய்யப் போனார். போனால், முன்கண்ணாடியில் பூச்சி ஒட்டிக் காய்ந்திருந்தது. துணி எடுத்துத் துடைத்தார். உள்ளே ஏறினால், டிரைவர் சீட்டை யாரோ பின்னால் தள்ளியிருந்தார்கள். முன்னுக்கு இழுத்தார். உட்கார்ந்து பார்க்காமல் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். எஞ்சின் ஒருமுறை இருமிவிட்டு, அவரை அடையாளம் கண்டுகொண்டதுபோல் ஒரே சீராக ஓடியது. சீட்டுக்கு அடியில் கைவிட்டார். சிவப்பு எழுத்துப் பலகை அங்கேயே இருந்தது. எடுத்து, சட்டைக் கையால் துடைத்து, முன்கண்ணாடியில் வைத்தார். ஓஃப்.

“ராக்காயி! நான் லூமுட்டுக்குப் போயிட்டு வாரேன்! இதக் கொக்கி போட்டு இழுக்க விட முடியாது!”

ஹாரனை இரண்டு தடவை அடித்தார்.

ராக்காயி வெளியே வந்தாள். போன தீபாவளிக்கு எடுத்து, எங்கே உடுத்துவது என்று தெரியாமல் பெட்டியிலேயே இருந்த பச்சைச் சேலை. தலையில் பூ. ஒரு கையில் அடுக்குச் சட்டி. எலுமிச்சைச் சோறும் இகான் பிலிஸ் என்ற நெத்திலிச் சம்பலும் மணத்தன. கேட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, பஸ் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். படியில் கால் வைக்கவில்லை.

“எங்க கிளம்பிட்ட? கோயிலுக்கா?”

“இல்ல.”

“பின்ன என்னா? சீக்கிரம் சொல்லு. லேட்டாவுது.”

“ரிட்டையரான ஆளுக்கு என்னா லேட்டு?”

அந்த வார்த்தை எங்கே வலிக்கப் போகிறது என்று சதாசிவம் ஒரு கணம் காத்திருந்தார். எங்கும் வலிக்கவில்லை. இரண்டாம் கியர் சத்தமில்லாமல் விழுந்தது போலத்தான் இருந்தது.

“ஆமாலா,” என்றார். “ரிட்டையர்தான். இப்ப என்னாங்குற?”

“அந்தப் பலகை வச்சிருந்தா பாஸ் கேப்பாங்களா?”

“யாரு கேப்பா? இதுல இனிமே கிலாங் ஆளுங்களே இல்ல.”

“தவுக்கே?”

“அவரு பஸ்ஸே வித்துட்டாருலா. எதுக்குக் கேக்குற?”

“ரூலு?”

சதாசிவம் யோசித்தார். தலையைச் சொறிந்தார். அப்புறம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். அவள் சேலையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், அடுக்குச் சட்டியைப் பார்த்தார். அதில் இரண்டு பேருக்குச் சோறு இருந்தது.

“ராக்காயி,” என்றார். “என்னா வேணும் ஒனக்கு?”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மேகம் கறுத்து, முதல் தூறல் முன்கண்ணாடியில் விழுந்தது. ராக்காயி ஒரு காலைப் படியில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“என்னங்க, உங்க பஸ்ஸுல என்னைய ஒரு தடவை ஏத்திக்கிட்டுப் போங்க. அந்த மொத சீட்டுல, கண்ணாடியில என் மூஞ்சி உங்களுக்குத் தெரியிற எடத்துல உக்காந்துக்கிறேன். லூமுட்டு வரைக்கும். வழியில வேற யாரையும் ஏத்தக் கூடாது.”